மூச்சு வாங்குதா? விரல்களையும் கவனியுங்க!

மார்கழிக் குளிரில் ஃப்ரிட்ஜைத் திறந்து மாவுப் பாத்திரத்தை எடுக்கும்போது, சிலருக்கு விரல்கள் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். பிறகு நீலமாகும், சூடு ஏறியதும் சிவக்கும். 'குளிர் ஒத்துக்கலை' என்று கையைத் தேய்த்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ரேனாட்ஸ் எனப்படும் இந்தப் பிரச்னை பெரும்பாலானோருக்கு வெறும் தொல்லைதான். ஆனால் கூடவே விரல் தோல் தடித்து, மோதிரம் கழற்ற வராமல், வாயை முழுசாகத் திறக்கவும் சிரமமாக இருந்தால், அது ஸ்கிளீரோடெர்மாவாக இருக்கலாம்.

பெயருக்கு அர்த்தம் 'கெட்டியான தோல்'. பாதிப்பு தோலோடு நிற்பதில்லை. நோய் எதிர்ப்பு சக்தியே தன் உடலைத் தாக்கும் இந்த நோய் உணவுக்குழாய், சிறுநீரகம், நுரையீரல் வரை போகும்.

பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆண்களில் சிலிக்கா தூசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கல் கொத்துபவர்களிடம் இந்த நோய் இருப்பதை 1914-லேயே எடின்பரோவில் பிராம்வெல் என்ற மருத்துவர் எழுதினார். 1957-ல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் அதையே கண்டார். பவுண்டரியும் கல்குவாரியும் நிறைந்த கொங்கு மண்டலத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இந்த நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கே அழுத்தம் ஏறுகிறது. அடைத்த பைப்பில் தண்ணீர் தள்ளும் மோட்டார் என்ன பாடுபடும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? இதயத்தின் வலப்பக்கம் அந்தப் பாடுதான் படுகிறது. மருதமலைப் படியில் பாதியிலேயே மூச்சு வாங்கும். வயசு, எடை, ரத்தசோகை என்று மாதங்கள் ஓடிவிடும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபியோ நார்மலாகவே இருக்கலாம். அது வேறு, நுரையீரல் அழுத்தம் வேறு.

அதனால்தான் ஸ்கிளீரோடெர்மா உள்ளவர்கள் மூச்சுத்திணறல் வரும்வரை காத்திருக்காமல், ஆண்டுதோறும் எக்கோவும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால், மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். சராசரி 20-ஐத் தாண்டினால் அதிகம்.

முழுக் குணம் இல்லை. கட்டுப்படுத்த மாத்திரைகள் உண்டு. அதில் ஒன்று சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் அதே மருந்து. அம்மாவுக்கு எழுதிய சீட்டில் அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நுரையீரல் அழுத்தத்துக்காக 2005-லேயே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. இதய வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.