பகலில் தூக்கம், இரவில் விழிப்பு... கல்லீரல் நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை!

"அப்பா ராத்திரியெல்லாம் தூங்கல. ஒரு தூக்க மாத்திரை கொடுக்கலாமா?"

'சிரோசிஸ்' எனும் கல்லீரல் சுருக்க நோயாளி இருக்கும் வீட்டில் இப்படி ஒரு கேள்வி எழலாம். டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

குடலில் உருவாகும் அம்மோனியாவை ஆரோக்கியமான கல்லீரல் யூரியாவாக மாற்றிவிடும். சிரோசிஸில் அது ரத்தத்தில் தேங்கி மூளையைப் பாதிக்கிறது. தூக்கம் தலைகீழாவது அதன் ஆரம்ப அறிகுறி. மறதி, எரிச்சல், குழறும் பேச்சு, கைகளை முன்னால் நீட்டினால் மணிக்கட்டு படபடவென ஆடுவது எல்லாம் தொடரலாம். 'வயசாயிடுச்சு' என விட்டுவிடாதீர்கள்.

இதற்காகத் தரப்படும் லாக்டுலோஸ் சிரப்பை, 'பேதியாகுது' என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். தினமும் 2, 3 முறை இளகிய மலம் போவதுதான் அந்த மருந்தின் வேலையே! அம்மோனியா அதோடு வெளியேறும். தண்ணீராகப் போனால் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைக்கலாம். மலச்சிக்கல் மட்டும் கூடாது.

உணவில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். உப்பு உடலில் நீர் கோக்க வைக்கும். பருப்பு, பால், முட்டையைப் பயந்து நிறுத்தினால் தசை கரையும். படுக்கும் முன் சிறிது சாப்பிடக் கொடுங்கள்.

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காய்ச்சலுடன் வயிற்றுவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

தூங்கிய நேரம், மலம் போன எண்ணிக்கை, காலை எடை... மூன்றையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டர் பார்ப்பது சில நிமிடங்கள். நாள் முழுக்கப் பார்ப்பது நீங்கள்தான்!