உங்களுக்குத் தெரியுமா? மீன்தொட்டிக்குள் துன்ஹிந்த வேண்டாம்!

பதுளை ஓயா 64 மீட்டர் உயரத்திலிருந்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது. அந்த வேகம் நம் கண்ணுக்கு விருந்து. தொட்டியில் வளரும் பைட்டர் மீனுக்கோ நீரின் வேகம் தண்டனை. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் தேங்கிய நீரில் வாழ்ந்து பழகிய இனம் அது. செவுளோடு, தலைக்குள் உள்ள தனி உறுப்பாலும் மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். பில்டர் நீரைச் சுழற்றியடித்தால் கூடு கலையும். நீண்ட துடுப்புகளைச் சுமந்து ஓயாமல் நீந்தியே மீன் களைத்துவிடும்.

‘ஓட்டத்தைக் குறைத்தால் அழுக்குச் சேராதா, ஒட்சிசன் குறையாதா?’ கேள்வி நியாயமானதே. மீன் மேலே வந்து மூச்செடுத்தாலும், கழிவின் அமோனியாவை மாற்றும் பக்டீரியாக்களுக்கு ஒட்சிசன் கலந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களின் குளிருக்கு ஹீட்டரும் தேவை. நீர் அசையாவிட்டால் சூடு ஓரிடத்திலேயே தங்கிவிடும். ஆகவே பில்டரை நிறுத்துவது தீர்வல்ல, பாய்ச்சலின் விசையை உடைப்பதே தீர்வு. நீர் வெளிவரும் குழாயைக் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திருப்பலாம். அதன் வாயில் ஸ்பொஞ் மாட்டலாம். துளையிட்ட குழாயால் நீரைப் பரப்பிவிடலாம். உறிஞ்சும் வழியை மட்டும் அடைக்காதீர்கள், மோட்டர் பழுதாகும். மேற்பரப்பு மெல்லச் சிலிர்க்க வேண்டும், மீன் அடித்துச் செல்லப்படக் கூடாது: அதுவே சரியான அளவு.