மயிற்கோலமும் அதனை ஆக்குவோரும்

வன்னிக் கமக்காரனுக்கு மயில் வெறும் அழகுப் பொருளன்று. விதைத்த வயலில் இறங்கி நெல்லைப் பொறுக்கும் பறவை அது. ஆயினும் அப்பறவை உதிர்த்த பீலியே, வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு எடுக்கப்படும் காவடிகளில் கொத்தாகக் கட்டப்படுகிறது. முருகனின் ஊர்தி கண்ணகையின் முற்றத்திலும் ஆடுவதை எவரும் முரணாகக் கொள்வதில்லை.

மயிற்கோலம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் எழிலையே எழுதுவர். அதனை ஆக்குவதிலுள்ள இடர்ப்பாட்டையே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம். மயிலின் நீலமும் பச்சையும் சாயத்தால் அமைந்தவை அல்ல. பீலியின் நுண்ணிழைகளுக்குள் கருநிறமிக் கோல்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வடுக்கிற் பட்டுத் தெறிக்கும் ஒளியே நிறமாகத் தோன்றுகின்றது. பார்க்கும் கோணம் மாற நிறமும் மாறுவது அதனாலேயே. ஆகவே எத்துணை நல்ல சாயந் தோய்த்த துணியும் மயிலாகாது. ஒளியைத் தெறிக்கும் பொருள் வேண்டும். அதனைத் துணியிற் பொருத்தும் உழைப்பு அதனினும் மிகுதியாக வேண்டும்.

1903ஆம் ஆண்டு டில்லி தர்பாரில் வைசிராய் கர்சனின் மனைவி அணிந்த மயிலுடை இதற்குத் தக்க சான்று. அதில் ஒரு பீலிதானும் இல்லை. டில்லிக் கைவினைஞர்கள் உலோக இழையால் பீலி வடிவங்களை நெருக்கமாகத் தைத்து, கண்களின் நடுவே பொன்வண்டின் சிறகோட்டைப் பதித்தனர். அவ்வோட்டின் பச்சையும் ஒளியமைப்பால் வருவதே. இன்று இங்கிலாந்தின் கெடில்ஸ்ரன் மாளிகையிலுள்ள அவ்வுடை, அணிந்தவர் பெயராலும் அதனை வடிவமைத்த பாரிஸ் வேர்த் நிறுவனத்தின் பெயராலும் பேசப்படுகின்றது. ஊசி பிடித்தோர் வெறுமனே 'இந்தியக் கைவினைஞர்' ஆயினர். 1949இல் வெளிவந்த 'சாம்சனும் டிலைலாவும்' திரைப்படத்தில் ஹெடி லமார் அணிந்த மயிற்பீலி மேலங்கியை நினைப்போரும் நடிகையையே நினைப்பர்.

தமிழகத்து மயிலாட்டத்தின் நிலை வேறு. ஆடுபவரின் உடலைப் பீலியுடை மறைத்துவிடும். நூலை இழுத்தால் அலகு திறந்து மூடும். அங்கு காண்பது மயிலை, மனிதரையன்று.

வன்னிப் பாடசாலை மேடைகளில் ஆடப்பெறும் மயில் நடனமோ முகத்தை மறைப்பதில்லை. நீலச் சற்றின் துணி, சரிகைக் கரை, மினுங்கும் சிறு வட்டுகள், இடுப்பிற் கட்டிய விசிறித் தோகை ஆகியவற்றோடு கோலம் நிறைவுறும். இதனைப் போலிச் சோடனை எனப் பழிப்போர் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். வட்டுகளைத் தைக்கும் கை, டில்லியில் சிறகோட்டைப் பதித்த கை எதிர்கொண்ட அதே சிக்கலையே எதிர்கொள்கின்றது; பொருள்தான் மலிவு. தோகையின் சட்டம் ஆடும்போது சரியாதிருக்கவும் வேண்டும். ஒரே இழுப்பில் விரியவும் வேண்டும். கம்பி பாரமானால் சிறுமியின் இடுப்பு நோகும். மெல்லியதானால் தோகை தொங்கும். இந்நுட்பம் ஊர்த் தையற்காரரிடமும் தாய்மாரிடமும் உள்ளது. நிகழ்ச்சி நிரலில் பயிற்றிய ஆசிரியரின் பெயர் வரும். ஆடிய பிள்ளைகளின் பெயர்களும் வரும். உடை தைத்தவர் பெயருக்கு அதில் பெரும்பாலும் ஒரு வரியும் இருப்பதில்லை.