பத்து விநாடித் தரிசனம்

ஆஸ்திரேலியாவுக்குப் பிரயாணம் போகிறவர்களுள் பலர், அந்நாட்டுக்கே உரிய விசித்திரப் பிராணிகளை எப்படியும் படம் பிடித்துவிட வேண்டும் என்ற ஆவலோடு விலையுயர்ந்த காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலைச் சிற்றுண்டியைச் சாவகாசமாக முடித்து, வெயில் நன்றாக ஏறிய பிறகு காட்டுக்குள் புகுந்து, ஒன்றையும் காணாமல் திரும்புகிறார்கள். காமிராவின் மேல் குற்றமில்லை. கங்காருவும் வாம்பட்டும் போஸமும் அந்த வறண்ட கண்டத்தின் பகல் வெப்பத்துக்கு ஒதுங்கி, உடம்பிலுள்ள நீரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நிழலிலும் வளையிலும் மரப்பொந்திலும் முடங்கிக் கிடந்து, அந்தியிலும் இரவிலும் விடியலிலுமே மேய வருபவை. பிராணியின் உடற்கூறு எதுவோ அதுவே படமெடுக்கும் வேளையையும் நிர்ணயிக்கிறது.

விலக்குகள் உண்டு, அவற்றுள் பிரசித்தமானது கோவாலா. யூகலிப்டஸ் இலையையே நம்பி வாழும் அது, சத்துக் குறைந்ததும் விஷப் பொருள்கள் மிகுந்ததுமான அந்த ஆகாரத்தின் விஷத்தை ஈரலில் முறித்து, எஞ்சிய அற்ப சக்தியைக் கொண்டு காலம் தள்ள வேண்டியிருப்பதால், நாளொன்றுக்கு 18 முதல் 20 மணி நேரம் வரை மரக்கவையில் உறங்கிக் கழிக்கிறது. அதைப் படமெடுக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. அதைக் கையில் ஏந்தி நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை, அதற்கே பேர்போன பிரிஸ்பேன் லோன் பைன் சரணாலயம் 2024-இல் நிறுத்திவிட்டது, நல்ல காரியம்.

பொறுமையையும் புத்தியையும் ஒருங்கே சோதிப்பது, வாத்தலகி என்று நம்மவர் சிலர் வழங்கும் பிளாட்டிபஸ்தான். முட்டையிட்டுக் குட்டிக்குப் பால் கொடுப்பதும், வாத்தைப் போன்ற அலகுடையதும், ஆணுக்குப் பின்னங்காலில் விஷமுள் அமைந்ததுமான அந்த ஜந்துவின் தோல் லண்டனை அடைந்தபோது, 1799-இல் அதை வருணித்த ஜார்ஜ் ஷா என்ற விலங்கியல் பண்டிதர், எவனோ குறும்பன் ஓர் அலகை வேறொரு பிராணியின் உடம்போடு ஒட்டிவிட்டானோ என்று சந்தேகப்பட்டார். உயிரோடு காண்பவர்களுக்கு வேறொரு வியப்புக் காத்திருக்கிறது: அது மிகச் சிறியது. அலகு நுனியிலிருந்து வால் வரை சுமார் அரை மீட்டர். அதிலும் மிதக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே தெரிவது தலையும் முதுகுமாக ஒரு சிறு மேடுதான்.

குவின்ஸ்லாந்தில் மெக்காய் நகருக்கு மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில், யங்கெல்லா தேசியப் பூங்காவினுள் ஓடும் புரோக்கன் ஆற்றங்கரையில், பிளாட்டிபஸைப் பார்ப்பதற்கென்றே மேடைகள் கட்டியிருக்கிறார்கள். விடியலிலோ அந்தியிலோ அங்கே போய் நின்றால், பழுப்பு நீரில் பழுப்பு ரோமம் எங்கே எழும், எத்தனை நேரம் நிற்கும் என்பதுதான் பிரச்சினை. இங்கேதான் சாஸ்திரம் கைகொடுக்கிறது. நீரில் மூழ்கியதும் பிளாட்டிபஸ் கண்ணையும் காதையும் நாசியையும் மூடிக்கொள்கிறது. அப்புறம் அதற்கு வழிகாட்டுவது அலகு ஒன்றே. அதில் பொதிந்துள்ள சுமார் 40,000 மின்னுணர்விகள், ஆற்றடியில் ஒளிந்திருக்கும் இறாலும் புழுவும் தசையை அசைக்கும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தைக் கண்டுபிடித்துவிடுகின்றன. பிடித்த இரையை அங்கேயே அது தின்பதில்லை. வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது. ஆகையால் இரையைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு மேலே வந்து, மிதந்தபடியே, வாயிலுள்ள கொம்புத் தகடுகளால் அரைத்து விழுங்கிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. அடியில் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை. மேலே பத்து விநாடிபோல. பல்லில்லாத குறையால் நமக்குக் கிடைத்த வரப்பிரசாதம் அந்தப் பத்து விநாடி.

ஆகவே அனுபவசாலிகள் அது மேலே இருக்கும்போது கற்சிலையாக நின்றுவிட்டு, மூழ்கிக் கண்ணை மூடிய கணத்தில் மெல்ல நகர்ந்து, எழுவதற்குள் மீண்டும் அசைவற்றுப் போகிறார்கள். குமிழிகள் சரம் சரமாக வரும் திசையை நோக்கி லென்ஸைக் குவித்து வைத்திருப்பவனுக்குத்தான் படம்; கண்ட பிறகு காமிராவைத் தூக்குபவனுக்கு நீர்வளையம் மட்டுமே மிஞ்சும். ஏமாற்றங்களும் உண்டு. ஆமையும் குமிழி விடும். ஆஸ்திரேலிய நீரெலியும் இதே சாயலில் நீந்தும்; ஆனால் அதன் வால் நுனி வெள்ளை. நீரின் பளபளப்பை அடக்கும் போலரைசர் கண்ணாடியை மாட்டலாமே என்றால், அது இருக்கிற சொற்ப வெளிச்சத்திலும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200 வரை ஏற்றி, படத்தில் சற்றே மணல் தூவினாற்போல் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை என்று 1/500 விநாடி வேகத்தில் எடுப்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது.

பிளாட்டிபஸைப் பற்றி எழுதும்போது டேவிட் ஃபிளேயை விட்டுவிட முடியாது. ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் ஜாக், ஜில் என்ற ஜோடியை வளர்த்து, 1943-இல் அடைப்பிலேயே குஞ்சு பொரிக்கச் செய்த முதல் மனிதர் அவர். அதற்கும் பத்து ஆண்டுகளுக்கு முன்னால், 1933-இல், ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் தாஸ்மானியப் புலியின் கூண்டுக்குள்ளேயே இறங்கி அதைச் சலனப்படம் எடுத்தவரும் அவரே. எடுத்து முடிப்பதற்குள் அந்தப் பிராணி அவரைப் பின்புறத்தில் கடித்துவிட்டது. 1936 செப்டம்பர் 7-ஆம் தேதி அந்த மிருகக்காட்சி சாலையின் கடைசிப் புலி இறந்தது. அந்த இனத்தின் நடையையும் கொட்டாவியையும் இன்று நாம் பார்க்க முடிவது அத்தகைய சில துண்டுப் படங்களால்தான்.

இரவுப் பிராணிகளைப் பிளாஷ் போட்டு எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. போஸத்தின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால், படத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நெருப்புப் பொறிகளே விழும். பிராணிக்கோ சற்று நேரம் பார்வை தடுமாறும். மெல்போர்னுக்குத் தெற்கேயுள்ள பிலிப் தீவில், அந்தி சாய்ந்ததும் கூட்டம் கூட்டமாகக் கரையேறும் ஒரு கிலோ எடையுள்ள குட்டிப் பெங்குவின்களைப் பார்க்க வருகிறவர்கள், காமிராவைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

மெல்போர்னை அடுத்த டாண்டினாங் மலையின் ஷெர்புரூக் காட்டில் லைர்ப் பறவை வாழ்கிறது. குளிர்காலத்தில் ஆண் பறவை, பெரணிமரங்களின் அடியில் தான் கிளறிச் சேர்த்த மண்மேட்டின் மேல் ஏறி, வாலைத் தலைக்கு மேல் வெண்திரையாக விரித்துப்போட்டுப் பிற பறவைகளின் குரல்களையெல்லாம் அடுக்கடுக்காகப் பாடும். 1998-இல் வெளிவந்த டேவிட் அட்டன்பரோவின் தொலைக்காட்சித் தொடரில், காமிராவின் ஷட்டர் ஓசையை அப்படியே எழுப்பிய லைர்ப் பறவை உலகப் புகழ் பெற்றது. அதில் காட்டப்பட்டவற்றுள் மனிதரிடையே அடைப்பில் வளர்ந்தவையும் இருந்தன. சுயேச்சையாகத் திரிபவை பெரும்பாலும் கூக்கபுர்ராவையும் சாட்டைப் பறவையையுமே நடிக்கின்றன; அவற்றுள்ளும் பல ஒலிகளை மூத்த லைர்ப் பறவைகளிடமிருந்தே இளையவை பாடம் கேட்டுக்கொள்கின்றன. ஆகவே ஷட்டர் ஓசையைக் கேட்கலாம் என்று ஷெர்புரூக்குக்குப் போகிறவர், காமிராவில் ஓசையில்லாத ஷட்டரைத் தேர்ந்துகொண்டு, கூடவே ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் எடுத்துச் செல்வது நல்லது. கூக்கபுர்ராவின் சிரிப்பாவது நிச்சயம் கிடைக்கும்.