பொதிகளை அனுப்பும் கருவி

1993ஆம் ஆண்டில் தோன்றிய டெபியன் என்னும் கணினி இயங்குதளத்தின் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெற்று ஒரு களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. உலகெங்குமுள்ள கணினிகள் அங்கிருந்தே அவற்றைப் பெறுகின்றன. எனவே பழுதுற்ற பொதியொன்று உட்புகுந்தால், அப்பழுது எங்கும் பரவும்.

பொதிகளை அங்கு அனுப்புவது ‘டிபுட்’ என்னும் சிறு கருவியாகும். பொத்தான்களோ படங்களோ இதற்கில்லை. ஒரு வரிக் கட்டளையைத் தட்டெழுதினாற் போதும். பொதியுடன் செல்லும் மாற்றக் குறிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் பொருந்தாது. அனுப்புவோரின் இலக்கமுறைக் கையொப்பமும் அக்குறிப்பில் இருக்கும். இவற்றை ஒத்துப்பார்த்த பின்னரே டிபுட் வழக்கமாகப் பொதியை அனுப்பும். களஞ்சியமும் கையொப்பத்தை மீண்டும் சோதிக்கும். வீட்டுக்குப் பூட்டிருந்தாலும் ஊருக்குக் காவல் வேண்டுமன்றோ?

ஏற்கப்பட்ட பொதியை அதே பதிப்பெண்ணுடன் திருத்தி அனுப்ப இயலாது. பிறர் பேணும் பொதியைத் திருத்துவோர், அதனை 15 நாள் வரை தாமத வரிசையில் வைக்கலாம். பேணுபவர் பார்த்து மறுமொழி கூற அவகாசம் கிடைக்கும். அவர் மறுப்பாராயின், ‘டிகட்’ என்னும் துணைக்கருவியால் அதனை நீக்கிக்கொள்ளலாம். அந்த நீக்கற் கட்டளைக்கும் கையொப்பம் வேண்டும்.