எழுதிய சுழியும் எழுதாத சுழியும்

சுழி என்றால் ஒன்றுமில்லை என்று கணக்கு வகுப்பிலே படித்தோம். ஆயின், கணிப்பொறியின் டிஸ்க்கிலே சுழியை எழுதினால் அதுவும் இடத்தை அடைத்துக்கொள்கின்றது! ஒரு ஜி.பி. அளவுக்கு வெறும் சுழிகளை எழுதினாலும், பொதுவாக ஒரு ஜி.பி. இடம் செலவாகிவிடும். இவ்வீணைத் தவிர்க்க யூனிக்ஸ் மரபு கண்ட வழியே 'ஸ்பார்ஸ் ஃபைல்' என்னும் இடைவெளிக் கோப்பு. அதனையும், அதன் பகுதிகளைச் சுழியாக்கும் லினக்ஸ் அழைப்புகளையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

ஒரு சிறு சோதனை செய்தேன். புதிய கோப்பொன்றைத் திறந்து, 'எல்சீக்' அழைப்பினால் ஒரு ஜி.பி. தூரம் தாவி, அங்கே ஒரே ஒரு பைட் எழுதினேன். கோப்பின் நீளம் 107,37,41,825 பைட்டுகள் என்றது 'எல்எஸ்' கட்டளை. அது பிடித்த இடம் வெறும் 4 கே.பி. என்றது 'டியூ' கட்டளை. இரண்டும் உண்மையே! இடையிலுள்ள வெற்றிடத்திற்கு டிஸ்க்கில் பிளாக் எதுவும் ஒதுக்கப்படவில்லை. படிக்கக் கேட்டால் மட்டும், இயக்கமுறைமை சுழிகளைத் தந்துவிடும்.

சரி, ஏற்கெனவே எழுதிய பகுதியை வெற்றிடமாக்க முடியுமா? முடியும். 'ஃபாலோகேட்' என்னும் அழைப்பில் 'பஞ்ச் ஹோல்' என்ற வகை 2011இல், லினக்ஸ் 2.6.38இல் வந்தது. குறித்த பகுதியின் பிளாக்குகளை அது டிஸ்க்குக்குத் திருப்பித் தருகின்றது. கோப்பின் நீளமோ மாறுவதில்லை. ஒன்று கவனிக்க வேண்டும். முழு பிளாக்குகளே விடுபடும். ஓரங்களில் சுழி நிரப்பப்படும், அவ்வளவே. பிளாக் 4096 பைட் எனக் கொள்வோம். 1000ஆம் பைட்டிலிருந்து 5000 பைட்டுகளைத் துளையிட்டால், எந்த பிளாக்கும் முழுமையாக அதற்குள் அடங்காது. ஆகவே ஒரு பைட் இடமும் மிஞ்சாது!

2014இல் லினக்ஸ் 3.15 'ஜீரோ ரேஞ்ச்' என்னும் மற்றொரு வகையைத் தந்தது. இதிலும் படித்தால் சுழியே வரும். ஆனால் பிளாக்குகள் கோப்பின் வசமே இருக்கும். இயன்றவரை அவற்றில் சுழிகளை எழுதாமல், 'எழுதப்படாதவை' என்று குறித்துவைப்பதால் வேலை விரைவாக முடிகின்றது.

படிப்பவருக்கு இரண்டும் ஒன்றே எனின், எதைத் தேர்வது? பேருந்தை எண்ணிப் பாருங்கள். இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு இறங்குவது ஜீரோ ரேஞ்ச். ஆளில்லை, இடம் நம்முடையது. துண்டையும் எடுத்துக்கொண்டு இறங்குவது பஞ்ச் ஹோல். திரும்பி வருகையில் வண்டி நிறைந்திருந்தால் நிற்கவும் இடமிராது. அதாவது, துளையிட்ட பகுதியில் மீண்டும் எழுத முனையும்போது டிஸ்க் நிறைந்திருந்தால், 'இடமில்லை' என்ற பிழையே விடையாக வரும். கோப்பின் நீளத்தை மட்டும் நம்பியிருந்த நிரல், நடுவழியில் நின்றுவிடும்.

எனவே, மெய்நிகர் கணிப்பொறியின் டிஸ்க் கோப்பில் அழிக்கப்பட்ட பகுதிகளை மீட்கத் துளையிடுதல் பொருத்தம். மீண்டும் மீண்டும் எழுதியே தீரவேண்டிய பதிவேட்டுக் கோப்புக்கோ ஜீரோ ரேஞ்சே பாதுகாப்பு. நிரல் எழுதும் நண்பர்கள் அழைப்பை இடுமுன், 'இந்த இடம் எனக்கு இனியும் வேண்டுமா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வார்களாக!