பென்ஸிலும் வைரமும்

திருவனந்தபுரத்தை அடுத்த நெடுமங்காட்டுத் தாலுகாவில் வெள்ளநாடு என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் மண்ணுக்கடியில் கறுத்து மினுங்கும் பொருள் ஒன்று கிடக்கிறது. கிராபைட் என்பது அதன் பெயர். முன்னாளில் அங்கே சுரங்கம் தோண்டி அதனை எடுத்து வந்தார்கள். நம் குழந்தைகள் எழுதும் பென்ஸிலின் உள்ளே களிமண்ணோடு கலந்திருப்பதும் கிராபைட்டே. அது விரலில் ஒட்டும், வழுக்கும், மின்சாரத்தைக் கடத்தும். வைரமோ கண்ணாடியை அறுக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் இரண்டும் கார்பன் என்னும் ஒரே தனிமத்தால் ஆனவை. அணு ஒன்றேயாயின் குணம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? அணுக்கள் ஒன்றோடொன்று பிணையும் விதமே காரணம். அதனை விளக்க விஞ்ஞானிகள் வகுத்த இரு கொள்கைகளை இங்கே பார்ப்போம்.

கார்பன் அணுவில் ஆறு எலெக்ட்ரான்கள் உள்ளன. இரண்டு உள்ளே அடங்கிவிட, வெளிப்புறத்து நான்கே பிணைப்பில் பங்கு கொள்கின்றன. எலெக்ட்ரான் பெரும்பாலும் உலவக்கூடிய வெளிக்கு ஆர்பிட்டால் என்று பெயர். கார்பனின் வெளிப்புறத்தில் பந்து போன்ற 'எஸ்' ஆர்பிட்டால் ஒன்றும், ஒன்றுக்கொன்று செங்குத்தான 'பி' ஆர்பிட்டால்கள் மூன்றும் இருக்கின்றன. நான்கு எலெக்ட்ரான்களில் இரண்டு 'எஸ்'ஸில் ஜோடி சேர்ந்துவிடுகின்றன. தனித்து நிற்பவை இரண்டே. எனவே கார்பன் இரண்டு பிணைப்புகளையே உண்டாக்க வேண்டும். ஆனால் வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு அணுக்களோடு சமமாகப் பிணைந்திருக்கிறது!

இப்புதிருக்கு அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் 1931-ஆம் ஆண்டில் விடை கூறினார். 'எஸ்' எலெக்ட்ரான் ஒன்று 'பி'க்கு உயர்த்தப்படுவதாகவும், பின் ஆர்பிட்டால்கள் ஒன்றோடொன்று கலப்பதாகவும் கொள்ளலாம் என்றார். இதுவே இனக்கலப்பு. இட்லிக்கு மாவு கரைப்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் உழக்கு உளுந்து மாவும் மூன்று உழக்கு அரிசி மாவும் கலந்தபின், அதை நான்கு பங்காக்கினால் ஒவ்வொரு பங்கும் ஒரே தன்மையுடையதாகும். அவ்வாறே ஓர் 'எஸ்'ஸும் மூன்று 'பி'யும் கலந்து நான்கு சம ஆர்பிட்டால்கள் கிடைக்கின்றன. அவை ஒன்றையொன்று விலகி, 109.5 பாகைக் கோணத்தில் நான்கு திசைகளை நோக்கி நிற்கும். அதுவே வைரத்தின் அமைப்பு. நான்கு எலெக்ட்ரான்களும் பிணைப்பில் கட்டுண்டு விடுவதால், மின்சாரத்தைக் கொண்டு செல்ல எலெக்ட்ரான் மிஞ்சுவதில்லை. எத்திசையில் நெருக்கினும் வலிய பிணைப்பே எதிர்ப்படுவதால் வைரம் கடினமாக இருக்கிறது.

கிராபைட்டில் ஓர் 'எஸ்'ஸும் இரண்டு 'பி'யும் மட்டுமே கலக்கின்றன. மூன்று ஆர்பிட்டால்கள் 120 பாகைக் கோணத்தில் ஒரே தளத்தில் விரிய, தேனடை போன்ற அறுகோணத் தகடுகள் அமைகின்றன. தகட்டினுள் அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்ஸ்ட்ராம்; தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம். தகடுகளைச் சேர்த்து வைக்கும் கவர்ச்சி மிக மெல்லியது. ஆதலால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக் காகிதத்தில் படிகின்றன. நாம் எழுதுகிறோம்.

கலவாது எஞ்சிய ஒரு 'பி' என்னவாகிறது? இங்கேதான் மற்றொரு கொள்கை துணைக்கு வருகிறது. எலெக்ட்ரானை இரண்டு அணுக்களுக்கிடையே மட்டும் கட்டிப்போட வேண்டுவதில்லை. அது மூலக்கூறு முழுவதற்கும் உரியது என்றார்கள் ஹண்டும் மல்லிகனும். இது மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை. வீட்டுக்கு வீடு கிணறு இருப்பது ஒருவகை. ஊர் முழுவதற்கும் ஒரே கோயிற்குளம் இருப்பது வேறுவகை. கிராபைட் தகட்டில் எஞ்சிய 'பி' ஆர்பிட்டால்கள் யாவும் இணைந்து குளமாகிவிடுகின்றன. அதில் எலெக்ட்ரான்கள் தகடெங்கும் உலவுகின்றன, மின்சாரமும் பாய்கிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும்தானா? பரீட்சைதான் பதில் சொல்ல வேண்டும். அப்பரீட்சையைச் செய்தவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1920-இல் கல்கத்தா சென்று சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்றவர். டாக்கா, அலகாபாத், டில்லி என வெளியூர்களிலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவரும் கங்குலியும் கிராபைட்டின் ஒற்றைப் படிகத்தை ஆராய்ந்து 1939-இல் முடிவை வெளியிட்டனர். தகட்டின் வழியே மின்சாரம் எளிதிற் பாய்கிறது. தகட்டைக் குறுக்கே கடப்பதற்கோ தடை ஆயிரம் மடங்குக்கும் மேல். குளம் தகட்டுக்குள்ளேதான் இருக்கிறது!

இரண்டில் எது உண்மை என நேயர்கள் கேட்கலாம். திரவ ஆக்ஸிஜனைக் காந்த முனைகளுக்கிடையே ஊற்றினால் அது அங்கேயே தொங்கி நிற்கும். ஜோடி சேராத எலெக்ட்ரான் உள்ள பொருளே அவ்வாறு ஈர்க்கப்படும். ஆக்ஸிஜனின் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஜோடியாகிவிட்டன என்கிறது எளிய பிணைப்புப் படம். இரண்டு தனித்து நிற்கின்றன என்கிறது மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை. இங்கே வெற்றி பின்னதற்கே. ஆனால் அணுக்கள் எத்திசையில் அமரும் என்பதை எளிதிற் காண இனக்கலப்பே உதவுகிறது. உண்மையில் எந்த அணுவும் மாவு கரைப்பதில்லை. கலப்பது நம் கணக்கே. மாணவர் பலர் இனக்கலப்பை அணுவில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி என்று உருப்போடுகின்றனர், அது தவறு. ஒரே மலையை இரு பக்கமிருந்து எழுதிய இரு சித்திரங்கள் இவை. திருத்தத் திருத்த இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன.

2004-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் நாடாவைக் கொண்டே கிராபைட்டிலிருந்து ஓர் அணுவளவே தடிப்புள்ள தகட்டை உரித்தெடுத்தனர். 2010-இல் நோபல் பரிசு பெற்றனர். நம் வீட்டிலும் ஒரு சிறு சோதனை செய்யலாம். பென்ஸிலை இருபுறமும் சீவி, டார்ச் மின்கலம் இரண்டோடும் சிறு பல்போடும் கம்பியால் இணைத்துப் பாருங்கள். மங்கலாகவேனும் பல்பு எரியுமாயின், கலவாது நின்ற அந்த ஒரு 'பி'யின் வேலை அது.